பாரியின் தேரில் பெயர் எழுதியிருந்ததா?

சில மாதங்களுக்கு முன் சென்னையில் ஒரு பாராட்டுக் கூட்டத்தில் பேச என்னை அழைத்திருந்தார்கள். பாராட்டப்பட்டவன் 19 வயதுப் பையன். மோட்டார் சைக்கிள் பந்தயக்காரன். பாராட்டியவர் ஒரு தொழிலதிபர். அடுத்த பருவம் முழுவதும் அந்தப் பையனைத் தம் செலவில் பந்தயங்களில் ஓடவைக்கப் போவதாக அன்று அறிவித்தார். மேடையின் நடுவில் அட்டையில் செய்த காசோலை ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது. தொழிலதிபர் 35 நிமிஷம் பேசினார். பையனுக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் பேசிய தமிழ்ப் பேராசிரியர், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியே மறுபடி பிறந்து வந்து இந்த இளைஞனுக்கு இரண்டு சக்கரத் தேர் ஈந்திருக்கிறார் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது.

என் முறை வந்தபோது, பாரி அந்தத் தேரின் இரண்டு பக்கத்திலும் தன் பெயரை எழுதிக் கொடுத்தானா என்று பேராசிரியரைக் கேட்டேன். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரிந்துகொள்வதற்காகத் தொழிலதிபரின் முகத்தைப் பார்த்தார்கள். அதற்குமேல் நான் சொன்னது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. பிறகு காப்பி கொடுத்தபோது என் பக்கம் ஒருவரும் வரவில்லை. பையன் மட்டும் வந்தான்.

அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஸ்பான்ஸர் என்பதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ஒன்று விளம்பரதாரர், மற்றது புரவலர். முதற்சொல்லை என் வயதுக்காரர்கள் வானொலியில் கற்றுக்கொண்டோம். இலங்கை வானொலியிலும் பிறகு விவித்பாரதியிலும் பாட்டுக்கு முன்னால் ஒரு சோப்பு வரும், பாட்டுக்குப் பின்னால் ஒரு தலைவலி மாத்திரை வரும். அதில் கபடம் கிடையாது. கம்பெனிக்குச் சோப்பு விற்க வேண்டும். நமக்குப் பாட்டுக் கேட்க வேண்டும். சோப்புக்காரரைக் கடையேழு வள்ளல்களில் எட்டாமவர் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது நடக்கிற விபரீதம் வேறு. பணத்தை விளம்பரதாரராகக் கொடுக்கிறார்கள். மாலையைப் புரவலராக வாங்கிக்கொள்கிறார்கள். விளம்பரச் செலவு என்று கணக்கெழுதினால் அது தொழிற்செலவாகக் கழிந்து வருமான வரி குறையும். குறையட்டும், சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் தன் தலையையே கொடுக்க முன்வந்த குமணன் அதைத் தொழிற்செலவில் எழுதியதாக நான் படித்ததில்லை.

விளம்பரம் பாவம் என்று நான் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் பந்தயமே ஒரு வகையில் விளம்பரத்தில் வளர்ந்த குழந்தைதான். 1907-ல் மான் தீவில் டி.டி. பந்தயம் தொடங்கியபோது, எங்கள் வண்டி மலையேறும், வழியில் நிற்காது என்று உலகுக்குக் காட்டத் தயாரிப்பாளர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. பிறகு எண்ணெய்க்காரர்கள் வந்தார்கள், டயர்க்காரர்கள் வந்தார்கள். அதன்பின் சிகரெட்டுக் கம்பெனிகள் வந்து வண்டியையும் ஆளையும் சிகரெட்டுப் பெட்டியின் நிறத்துக்கே மாற்றின. 2005-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை அமலுக்கு வந்தது. மெல்ல மெல்ல அந்த இடத்தை டப்பாவில் அடைத்த உற்சாக பானங்கள் பிடித்துக்கொண்டன. யார் பணம் கொடுத்தாலும் பெட்ரோல் ஒரே மாதிரிதான் எரியும். பையனின் முதுகில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதில் எனக்குத் தகராறு இல்லை. பெயரைச் சுமக்கிறவன் விழுந்தால் என்ன செய்வார்கள் என்பதுதான் என் கேள்வி.

பையனுக்குக் கிடைத்த இரண்டு நிமிஷத்தில் அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அடுத்த வருஷம் நேஷனல்ஸ் ஜெயிப்பேன். அதுக்கு அடுத்த வருஷம் ஏஷியா. அஞ்சு வருஷத்துல மோட்டோ ஜி.பி." முயற்சி செய்வேன், ஆசைப்படுகிறேன், பெரியவர்கள் ஆசி வேண்டும் என்ற வழக்கமான சாமான்கள் எதுவும் அதில் இல்லை. ரெயில்வே கால அட்டவணையைப் படிப்பதுபோல் படித்தான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. தொழிலதிபருக்கும் அதனால்தான் பிடித்திருக்கிறது என்று புரிந்தபோது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இந்தத் தன்னம்பிக்கையைத் திமிர் என்று நினைக்கிறவர்களுக்கு அந்தத் தொழில் தெரியாது. வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது அதைத் தரையோடு சேர்த்துப் பிடித்திருப்பது உள்ளங்கை அளவு ரப்பர்தான். உலகப் பந்தயத்தில் 60 டிகிரிக்கு மேல் சாய்க்கிறார்கள். முழங்கால் மட்டுமல்ல, முழங்கையும் தரையைத் தேய்க்கிறது. அந்த நிலையில் ஆக்ஸிலரேட்டரைத் திருக வேண்டும். ஒரு கணம் முந்தித் திருகினால் பின் சக்கரம் வழுக்கும். வழுக்கினபடியே போனால் வண்டி படுத்துவிடும். ஆள் சறுக்கிக்கொண்டே போய், தோல் உடையும் அதிர்ஷ்டமும் காப்பாற்றினால் எழுந்து நடப்பான். வழுக்கின சக்கரம் திடீரென்று மறுபடி தரையைப் பற்றிக்கொண்டால்தான் ஆபத்து. அடங்காத குதிரை மாதிரி வண்டி உதறி, ஆளைத் தலைக்கு மேலே தூக்கி எறியும். ஹைசைடு என்பார்கள். காறை எலும்பு முறிவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. சரி, ஒரு கணம் பிந்தித் திருகினால்? விழமாட்டான். ஜெயிக்கவும் மாட்டான்.

முந்துவதற்கும் பிந்துவதற்கும் நடுவில் இருக்கிற அந்தக் கணத்தைக் கண்டுபிடிக்கத்தான் பையனுக்குத் தன்னம்பிக்கை வேண்டியிருக்கிறது. தச்சனுக்கு உளி மாதிரி அது அவனுடைய கருவி. உளியைத் தச்சன் கையில் விட்டுவிட வேண்டும். பக்கத்தில் நின்றுகொண்டு இன்னும் ஓங்கு, இன்னும் ஓங்கு என்று கத்துகிறவனைத் தச்சுப்பட்டறையில் யாரும் புரவலர் என்று கூப்பிடமாட்டார்கள்.

காப்பி வேளையில் பையன் என்னிடம் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னான். நான் கேட்டுத்தான் சொன்னான். அதன் நகலையும் மறுநாள் கொண்டுவந்து காட்டினான். ஆறு பக்கம், ஆங்கிலம். தொழிலதிபரின் பெயர் எங்கெங்கே எத்தனை அங்குலத்தில் வர வேண்டும் என்பது ஒன்றரைப் பக்கம். பையன் எத்தனை விழாக்களுக்கு வந்து நிற்க வேண்டும் என்பது அரைப் பக்கம். நான்காவது ஷரத்துப்படி அவன் கம்பெனியின் ஊழியன் அல்லன். சுதந்திரமாக ஒப்பந்தம் செய்துகொண்டவன். வண்டி விழுந்து சேதமானால் அந்தச் செலவு அவனுக்கு வரவேண்டிய தொகையில் கழிக்கப்படும். ஒன்பதாவது ஷரத்து: காயத்தாலோ வேறு எக்காரணத்தாலோ தொடர்ந்து இரண்டு பந்தயங்களில் கலந்துகொள்ளாவிட்டால் பணம் நிறுத்தப்படும். ஆஸ்பத்திரி என்ற சொல்லை ஆறு பக்கத்திலும் தேடினேன். இல்லை.

"ஒன்பதாவதைப் படிச்சியாப்பா?" என்றேன்.

"படிச்சேன் சார். நான் விழமாட்டேன்."

இந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. விழமாட்டேன் என்று நம்புகிறவனால்தான் பந்தயம் ஓட்ட முடியும். அதே நம்பிக்கை இருப்பவனிடம்தான் ஒன்பதாவது ஷரத்தில் கையெழுத்து வாங்கவும் முடியும். இதைத் தொழிலதிபர் அறியாமல் செய்திருந்தால் அவரைத் திருத்தலாம். அறிந்தே செய்திருந்தால் பேராசிரியர் பாரியை விட்டுவிட்டு வேறு உவமை தேட வேண்டும்.

அவருடைய தொழிற்சாலையில் ஓர் ஆளுக்கு இயந்திரத்தில் விரல் போனால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அதற்கு இந்த நாட்டில் 1923-லேயே, வெள்ளைக்காரன் காலத்திலேயே, சட்டம் வந்துவிட்டது. பாய்லருக்கு இன்ஷ்யூரன்ஸ் கட்டுகிறார். லாரிக்குக் கட்டுகிறார். அவர் பெயரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு பறக்கிற பையனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது, அவன் சுதந்திரமானவன்! தன் பேரில் அவன் சாதாரண விபத்துப் பாலிசி ஒன்று எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். அந்தப் பாலிசிகளின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பந்தயத்தில் ஏற்படும் விபத்துக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். பந்தயத்துக்கென்று தனியாக எடுக்கலாம்; அதற்குப் பிரீமியம் கட்டப் பணம் வேண்டும். ஸ்பான்ஸர் எதற்காக இருக்கிறார்?

இப்படிச் சொன்னால் உடனே பாரி ஷீனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். (பாரி என்ற பெயர் வந்ததைப் பாருங்கள். நான் திட்டமிட்டதல்ல.) 1975 மார்ச்சில் அமெரிக்காவில் டேடோனா தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது பின் சக்கரம் நின்றுபோய் விழுந்தார். தொடை எலும்பு, கை, காறை எலும்பு, விலா எல்லாம் முறிந்தன. ஏழு வாரத்தில் மறுபடி வண்டி ஏறினார். 1976-லும் 1977-லும் 500 சி.சி. உலகச் சாம்பியன். சிகரெட் பிடிப்பதற்காகத் தலைக்கவசத்தின் தாடைப் பக்கத்தில் ஓட்டை போட்டு வைத்திருந்த மனுஷன் அவர். அவருடைய அலட்சியம் ஒரு வாசனைத் திரவியக் கம்பெனிக்கு நன்றாக விற்பனையாயிற்று. பார்த்தீர்களா, விழுந்தவன் எழுந்துவிட்டான் என்கிறார்கள். எழுந்தவரைத்தான் எல்லோருக்கும் தெரியும். 2010 செப்டம்பரில் இத்தாலியில் மிசானோ தடத்தில் ஷோயா டோமிசாவா என்ற ஜப்பானியப் பையன் விழுந்தான். அந்த வருஷத்து முதல் பந்தயத்தில் ஜெயித்தவன் அவன். வயது 19. அவனை உதாரணம் காட்டி எந்த வாசனைத் திரவியமும் விற்கவில்லை.

ஒப்பந்தம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் வேறொருவரைக் காட்டுகிறேன். ஸ்பெயின் நாட்டு மார்க் மார்க்கெஸ். 2013-ல் 20 வயதில், முதல் வருஷத்திலேயே, மோட்டோ ஜி.பி. பட்டம் வென்றவர். தன்னம்பிக்கையில் நம் பையனுக்குப் பெரியப்பா. 2020 பிப்ரவரியில் ஹோண்டாவுடன் 2024 வரைக்கும் நான்கு வருஷத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்திட்டார். ஐந்தே மாதத்தில், ஜூலை 19 அன்று, ஹெரேஸ் தடத்தில் விழுந்து வலது மேற்கை எலும்பை முறித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. அந்த வாரச் சனிக்கிழமையே அதே தடத்தில் வண்டி ஏறினார்! முடியாமல் இறங்கினார். சில நாளில் எலும்பில் வைத்த உலோகத் தகடு சேதமாகி மறுபடி அறுத்தார்கள். அந்தப் பருவம் முழுவதும் போயிற்று. 2022-க்குள் அந்தக் கைக்கு நான்கு அறுவை சிகிச்சை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சனிக்கிழமை வண்டி ஏறியது தன்னம்பிக்கை செய்த காரியம். நாலு நாளில் ஏற வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவர் கையில் நான்கு வருஷத்துக் காகிதம் இருந்தது. கட்டாயம் இல்லாதவரே ஏறிவிட்டார் என்றால், இரண்டு பந்தயம் தவறினால் பணம் நின்றுவிடும் என்ற நிலையில் இருக்கிற பையன் எத்தனை நாளில் ஏறுவான்? முறிந்த எலும்பில் இறுகக் கட்டுப் போட்டுக்கொண்டு, மாத்திரையை விழுங்கிவிட்டு, டாக்டரிடம் வலிக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு ஏறுவான். ஒன்பதாவது ஷரத்து பையனுக்கு எழுதிக்கொடுக்கிற மருந்துச் சீட்டு அதுதான்.

காகிதம் இருந்ததால் மார்க்கெஸ் பிறகாவது காத்திருக்க முடிந்தது. ஹோண்டா காத்திருந்தது. காத்திருந்த ஹோண்டாவுக்கு அவர் மறுபடி பட்டம் வாங்கித் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023 முடிவில், ஒரு வருஷம் மீதியிருக்கும்போதே, விலகினார். 2025-ல் வேறு கம்பெனி வண்டியில், டுகாட்டியில், மறுபடி உலகச் சாம்பியன் ஆனார். ஹோண்டாவுக்கு நஷ்டம்தானே என்று தொழிலதிபர் கேட்பார். ஆமாம், நஷ்டம்தான். புரவலர் பட்டத்துக்கு அதுதான் விலை. விலை கொடுக்க மனமில்லாதவர் விளம்பரதாரராகவே இருக்கட்டும். அதில் இழிவு ஒன்றுமில்லை; மாலையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எழுத்தாளனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். காத்திருப்பது என்றால் என்ன என்பது எனக்கு நன்றாகவே தெரியும். 1987-ல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். பதினோராவது வாரம் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டேன். கதாநாயகி கிணற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தாள். ஐந்து வாரம் அப்படியே நின்றாள். "ஆசிரியரின் உடல்நலக் குறைவால் இந்த வாரம் தொடர்கதை வெளிவரவில்லை" என்று ஐந்து வாரமும் பெட்டி கட்டிப் போட்டார்கள். ஆறாவது வாரம் நான் எழுந்து உட்கார்ந்தபோது ஐந்து வாரச் சன்மானமும் மணியார்டரில் வந்து சேர்ந்திருந்தது. அந்த ஆசிரியர் என்னைப் பற்றி எந்த மேடையிலும் 35 நிமிஷம் பேசியதில்லை. எதிரில் பார்த்தால் கதை இழுக்கிறது என்றுதான் சொல்வார். நான் அதற்குப் பிறகு எழுதியதில் ஏதாவது நன்றாக இருக்குமானால் அதில் அந்த ஐந்து மணியார்டருக்கும் பங்கு உண்டு.

எதிர்க்கட்சிக்காரர்கள் சிலரையும் பார்த்துவிட வேண்டும். என் கட்டுரையின் இந்த இடம்வரை தலையாட்டிக்கொண்டே வந்திருப்பார்கள். இவர்கள் கட்சி: பந்தயமே பைத்தியக்காரத்தனம், எந்தக் கம்பெனியும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக்கூடாது, பையனைப் படிக்கச் சொல்லு. என் தெருவில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இருக்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் பையன்கள் மோட்டார் சைக்கிளில் பறப்பதைப் பார்த்துவிட்டு வந்து, "உங்க ஆளுங்க வேலைதான் சார் இது" என்கிறார். அவருக்கு நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சாலையில் பறக்கிறவன் தன்னோடு சேர்த்து நடந்துபோகிறவனையும் கொல்கிறான். தடத்தில் ஓடுகிறவனுக்கு எதிரே பஸ் வராது, விழுந்தால் உருள்வதற்கு இடம் விட்டிருப்பார்கள், கொடி காட்ட ஆள் நிற்பான், ஆம்புலன்ஸ் காத்திருக்கும். கடற்கரைச் சாலையில் இருப்பவனை இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே பணம் வேண்டும், ஐயா.

நம் ஊருக்கு இந்தப் பைத்தியம் புதிதுமல்ல. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. யுத்த காலத்து விமானத் தளமாக இருந்த சோழவரத்தில்தான் வெகு காலம் பந்தயம் நடந்தது. 1970-களில் நானும் போயிருக்கிறேன். கொதிக்கிற சிமெண்டுத் தளம், ஒதுங்க நிழல் கிடையாது, காதைப் பிளக்கிற சத்தம், எரிந்த ஆமணக்கெண்ணெய் வாசனை. பாட்டி தலைவலிக்கு உச்சந்தலையில் தேய்க்கிற எண்ணெய் பந்தய இன்ஜினுக்குள்ளும் போகிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த நாளில் பையன்களுக்கு ஸ்பான்ஸர் என்றால் பெரும்பாலும் ஒரு மெக்கானிக்தான். தன் பட்டறையில் ராத்திரி விளக்கெரித்து இன்ஜினைக் கழற்றிப் பூட்டிக் கொடுப்பார். பையன் விழுந்தால் அவரே தூக்கிக்கொண்டும் ஓடுவார். பெயர்ப்பலகை கிடையாது, முதுகில் எண்ணெய்க் கறைதான் உண்டு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. கம்பெனிகள் வந்தன, நல்ல வண்டிகள் வந்தன, தோல் உடைகள் வந்தன. வளர்ச்சிதான். அந்த மெக்கானிக் செய்த காரியங்களில் கடைசிக் காரியத்தை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மேலே ஏறுகிற வழியும் செங்குத்தானது. இங்கே ஒரே மாதிரி வண்டிகளில் ஓடுவது முதற்படி, தேசியப் பந்தயம் அடுத்தது, ஆசியா, பிறகு உலகம். ஒவ்வொரு படிக்கும் செலவு பல மடங்கு ஏறுகிறது. உலகப் பந்தயத்தின் கீழ்த்தட்டுகளில் திறமையோடு கூடப் பணத்தையும் கொண்டுவந்தால்தான் சில அணிகளில் இடம் கிடைக்கும். 2011-ல் சென்னைப் பையன் சரத்குமார் 125 சி.சி. உலகச் சாம்பியன்ஷிப் வரைக்கும் போனார். நடிகர் அல்லர், பெயர் ஒற்றுமை. அந்தப் பருவத்தை அவர் ஓட்டி முடிக்கவில்லை. ஐந்தாறு வயதிலேயே வண்டி ஏறி, அந்தத் தடங்களையே தங்கள் வீட்டு முற்றமாகப் பழகிய ஸ்பெயின், இத்தாலிப் பையன்களோடு போட்டியிடப் போகிறவனுக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் தோற்பதற்கும் பணம் கொடுக்கிறவர் ஒருவர் வேண்டும். ஜெயித்தால் தருகிறேன் என்பவரை நம்பி அந்தப் படியில் கால் வைக்க முடியாது.

வேறு மாதிரியும் செய்யலாம். 2007-ல் ஓர் உற்சாக பானக் கம்பெனியின் ஆதரவில் சிறுவர்களுக்கான ரூக்கீஸ் கோப்பை ஆரம்பித்தார்கள். தேர்வு வைத்துப் பையன்களைப் பொறுக்கி, எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டியைக் கம்பெனியே கொடுக்கிறது. அப்பன் பணக்காரனா என்று கேட்பதில்லை. 2014-ல் அந்தக் கோப்பையை வென்ற ஹோர்ஹே மார்ட்டின் 2024-ல் மோட்டோ ஜி.பி. சாம்பியன் ஆனார். விளம்பரம் இல்லையா? தலை முதல் கால்வரை விளம்பரம்தான். ஆனால் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றைக் கொடுக்கிறார்கள்.

அங்கேயும் எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. 2021-ம் வருஷம் மே மாதத்தில் முஜெல்லோவில் ஜேசன் டுபாஸ்கியே, வயது 19. ஜூலையில் அரகோனில் ஊகோ மில்லான், வயது 14. செப்டம்பரில் ஹெரேஸில் டீன் பெர்டா வின்யாலெஸ், வயது 15. நான்கு மாதத்தில் மூன்று பையன்கள். அதற்குப் பிறகுதான் சர்வதேசச் சம்மேளனம் வயது வரம்பை உயர்த்தியது. 2023 முதல் உலகச் சாம்பியன்ஷிப்புக்குப் பொதுவாக 18 வயது என்று வைத்தது. நமக்கும் ஒரு நாள் வந்தது. 2023 ஆகஸ்டு 5 அன்று இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் பந்தயத்தில் பெங்களூரிலிருந்து வந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அன்றைக்குத்தான் அந்தப் பந்தயத்தில் முதல் இடத்திலிருந்து புறப்படும் தகுதியைப் பெற்றிருந்தான். யார்மீதும் நான் குற்றம் சாட்டவில்லை. தடத்தில் எல்லாம் சரியாக இருந்தும் இப்படி நடக்கும்; அதுதான் இந்தத் தொழில். ஆனால் "நாட்டிலேயே மிக இளைய" என்ற அடைமொழியின்மேல் விளம்பரக்காரர்களுக்கு இருக்கிற மோகத்தை அதற்குப் பிறகு என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. 19 வயதுக்காரனுக்குப் பாராட்டு விழா நடத்தின அதே மேடையில், அடுத்த வருஷம் 12 வயதில் ஒருவனைக் கொண்டுவரப் போவதாகத் தொழிலதிபர் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள்.

தொழிலதிபரிடம் நான் கேட்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. ஒன்பதாவது ஷரத்தைத் திருப்பி எழுதுங்கள்: காயம்பட்டால் டாக்டர் போகலாம் என்று சொல்கிறவரைக்கும் பணம் நிற்காது என்று. அந்த டாக்டர் உங்கள் ஆளாகவும் வேண்டாம், பையனின் மாமாவாகவும் வேண்டாம். பந்தயக் காப்பீட்டுப் பிரீமியத்தை நீங்கள் கட்டுங்கள். ஆள் உயரக் காசோலைக்கும் பந்தலுக்கும் பூவுக்கும் ஆன செலவில் அது அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். ஒரு வருஷத்துக்குப் பதில் மூன்று வருஷத்துக்கு எழுதுங்கள். அதில் முதல் வருஷம் அவன் தோற்பான் என்று எதிர்பாருங்கள். அவன் பொறியியல் டிப்ளமாவைப் பாதியில் விட்டிருக்கிறான். அதை முடிக்க ஒரு வழி செய்யுங்கள், ஏனென்றால் 30 வயதில் எப்படியும் இறங்க வேண்டியவன். பெயரை எத்தனை அங்குலத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவையும் செய்தபின் உங்களைப் பாரி என்று நானே மேடையில் சொல்கிறேன். தேரில் பெயர் இருப்பதைப் பற்றி வாய் திறக்கமாட்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன் பையன் வீட்டுக்கு வந்திருந்தான். திருத்திய ஒப்பந்தம் கொண்டுவந்தான். விழாப் பேச்சு எப்படியோ எட்டவேண்டிய இடத்துக்கு எட்டியிருக்கிறது. ஒன்பதாவது ஷரத்தில் இரண்டு பந்தயம் என்பது நான்கு பந்தயம் என்று ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு தொகையும் சேர்த்திருந்தார்கள். ஒரு காறை எலும்புக்குக் காணும், தொடை எலும்புக்குக் காணாது. கூடவே விழாக்களின் எண்ணிக்கை ஆறிலிருந்து பத்தாகியிருந்தது. வியாபாரி வியாபாரிதான்.

"போடலாமா சார்?" என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, அதைக் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் போடு என்றேன். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். வளைவில் அறுபது டிகிரி சாய்கிறவன், ஒரு பெரிய மனிதரிடம் நியாயமான ஒரு வரியைக் கேட்கப் பயப்பட்டதை அன்று பார்த்தேன். கடைசியில் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய்க் கேட்கிறேன் சார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். கேட்டானா இல்லையா என்று இன்னும் தகவல் இல்லை.